கீல் பூசிய சாமான்

பக்கமூடியைக் கழற்றினால்
பற்றரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது அது.
கறுப்பு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
இலக்கமில்லை, கம்பனிப் பெயரில்லை.
மஞ்சள், ரோஸ், பச்சை, வெள்ளைக் கோடிட்ட சிவப்பு:
நாலு வயர் மட்டும்
செத்த வண்டின் கால்களாய் வெளியே.

ஹொண்டா சீடீ நூற்றியிருபத்தைந்து.
என்னைவிட மூன்று வயது மூப்பு.
பாலையூற்றில் அல்பிரட்டிடம் வாங்கி நாலு மாதம்.
நிலாவெளிக்குப் போய்த் திரும்பினால்
அலஸ்தோட்டம் தாண்ட முன்னமே
முன்லைட் மஞ்சளாகி, பழுப்பாகி,
ஊதாத தணலாகிவிடும்.

பகலெல்லாம் வீடு வீடாய் மின்மானி வாசிக்கிறவள் நான்.
இந்த ஊர் நாய்களுக்கு என்னைத் தெரியும்.
சுழலும் தட்டை எட்ட நின்று பார்த்தே சொல்லுவேன்
எந்த வீட்டில் இரவிரவாக மோட்டர் ஓடுகிறதென்று.
என் சொந்தச் சைக்கிளுக்குள்
பெயர் தெரியாத ஒன்று குந்தியிருக்கிறது.

கராஜில் நிமலகாசன்
விரலால் ஒருதரம் சுண்டிப் பார்த்தான்.
"கொண்டென்சர் அக்கா."
தேத்தண்ணி பாதி இறங்கிய பிறகு,
"இல்லாட்டி ரிலே."
கிண்ணியா ஜவாஹிர் நானா
படத்தைப் பார்த்துக் குரல் அனுப்பினார்:
"கம்பனிச் சாமான் இல்ல புள்ள அது.
கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க."
எதன் புதுசை?
பெயரில்லாத சாமானுக்கு
கடையில் போய் என்னவென்று கேட்பது?

அல்பிரட்டுக்கு எடுத்தேன்.
பின்னால் கோழிச் சத்தம்.
"நான் வாங்கக்குள்ளயே இருந்திச்சு.
தொடல்ல. ஓடுதுதானே?"

ஞாயிற்றுக்கிழமை, காற்றில்லாத மத்தியானம்.
சீமெந்தில் சாக்கை விரித்து
கறிக்கத்தி நுனியால் சுரண்டினேன்.
முதலில் வந்தது மணம்:
மனையாவெளியில் கவிழ்த்துவைத்த தோணிகளின் மணம்.
கீல்.
யாரோ இதையும் ஒரு தோணியென்று நினைத்திருக்கிறார்கள்.
பலகையிடுக்கை அடைப்பதுபோல்
உப்பு நுழையாமல் அடைத்திருக்கிறார்கள்.

கீலுக்குக் கீழே சவர்க்காரப் பெட்டி மூடியின் துண்டு.
அதில் பருத்த நெல்லளவாய் நாலு டயோட்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளி வளையம்.
எந்த ரேடியோவின் வயிற்றில் கிடந்தவையோ.

மல்ரிமீற்றரை எடுத்தேன்.
நாலு வயர், ஆறு சோடி,
முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு தரம்.
ஐந்து தரம் வழிவிட்டது.
ஏழு தரம் திரையின் ஓரத்தில் தனியே ஒரு 1,
வீதி நடுவில் விறைத்து நிற்பவனைப் போல.
இந்தப் பக்கத்தால் போகலாம்,
அந்தப் பக்கத்தால் வர ஏலாது.
இறங்குதுறையில் பையைக் கவிழ்த்துக் காட்டிய காலத்தில்,
ரோச்சுக்குப் பற்றரிகூட வரவிடாத நாட்களில்,
யாரோ ஒருவருக்கு இருட்டில் போகவேண்டி இருந்திருக்கிறது.
எங்கே என்று கேட்க ஆளில்லை.

நாலும் நல்லாயிருந்தன. அதுதான் வெட்கம்.
பிழை ஒரு சாண் தள்ளி,
சட்டத்தில் முடுக்கியிருந்த எர்த் வயரில்.
நுனி பாசியாய்ப் பச்சை பூத்துக் கிடந்தது.
அரத்தாளால் தேய்க்க ரெண்டு நிமிடம்.

கடற்கரை வாடியில் ஒரு சிரட்டைக் கீல் கேட்டேன்.
"என்ன தோணி?" என்றான்.
"சின்னத் தோணி" என்றேன்.

அன்றிரவு உட்துறைமுக வீதியில்
வெளிச்சம் வெள்ளையாய் நீண்டது.
வளைவில் நாலு மான், எட்டுக் கண்.
அசையாமல் நின்று
என்னை வாசித்தன.

பிறகு பக்கமூடியின் உட்புறத்தில்
பிளாஸ்ரர் ஒட்டி எழுதினேன்,
எனக்குப் பிறகு வாங்கப்போகிறவருக்கு:
ரெக்டிபயர். கையால் செய்தது. வேலை செய்யுது.
திறக்க வேண்டாம்.

கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
நான் திறந்தேன் என்று எழுதி
திகதியும் போட்டேன்.